ஐந்தின் அடியில் நூறு

எங்கள் இருபத்தைந்தாவது பிறந்தநாளன்று தம்பிக்குத் தொலைபேசிக் கோல் எடுக்க நான் போன கடை, ஹந்தானைக்கு ஏறும் வீதியின் தொடக்கத்தில் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தொலைபேசி, வெளியே ஒரு போட்டோக்கொப்பி இயந்திரம், சுவரில் அட்டைப் படங்கள். அந்தக் காலத்தில் கண்டியில் தெருவுக்குத் தெரு இப்படிக் கடைகள் முளைத்திருந்தன. அதைக் கொமினிகேசன் என்போம். கடைக்காரர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்து, நகரத்துக்கு இறங்கி வந்து சொந்தமாகக் கடை போட்டவர். என்னை எப்போதும் எழுந்து நின்றுதான் வரவேற்பார்.

"வாங்க டீச்சர். கொழும்புக்கா?"

"ஓம், தம்பிக்கு."

தம்பி என்று சொன்னாலும் அவன் என்னோடு ஒரே நாளில் பிறந்தவன். நான் முதலில் வந்தேன், அவ்வளவுதான். அதற்காக ஆயுள் முழுக்க என்னை அக்கா என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று சின்ன வயதில் அழுவான். பிறகு அதுவே பழகிவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருவரும் கணிதம் படித்தோம். படிப்பு முடிந்ததும் எனக்குக் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ்ப் பிரிவுக்குக் கணித ஆசிரியை வேலை கிடைத்தது. அவனுக்குக் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டிக் கிடந்தது.

எங்கள் இருவருக்குள்ளும் ஒரு விளையாட்டு இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அப்பா கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் கிளாக்காக இருந்தபோது கலவரம் வந்தது. அப்போது எங்களுக்குப் பத்து வயது. ஒரு சிங்களப் பேக்கரிக்காரர் எங்கள் நாலு பேரையும் மாமூட்டை அடுக்கிய அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டார். முன்னால் கடையில் ஆட்கள் வந்து போவார்கள். மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. அம்மா எங்கள் இருவரின் வலது கையையும் இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மிஞ்சியிருந்தது ஆளுக்கொரு இடது கைதான். அந்தக் கையில் தம்பி மூட்டைகளை எண்ணத் தொடங்கினான். ஐந்து விரலும் மடங்கியதும் என் உள்ளங்கையில் ஒரு கோடு. ஐந்து கோடு ஆனதும் ஒரு வட்டம். கை ஒன்று நிறைந்தால் அது பத்து, கைகள் ஐந்து நிறைந்தால் அது நூறு என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். அந்த அறையில் எங்களுக்கு நூறு என்பது இருபத்தைந்துதான்.

பிறகு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அது கணிதம் என்று தெரிந்துகொண்டோம். நாம் எல்லோரும் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அது பத்தின் அடி. ஐந்து ஐந்தாக எண்ணினால் ஐந்தின் அடி. எண் மாறாது, எழுதும் விதம்தான் மாறும். இருபத்தைந்தை ஐந்தின் அடியில் எழுதினால் நூறு என்று வரும். நாலின் அடியில் எழுதினால் நூற்று இருபத்தொன்று. இரண்டின் அடியில் எழுதினால் ஒன்றும் பூச்சியமுமாக ஐந்து இலக்கம் நீண்டுவிடும். அதற்குப் பிறகு பஸ் நம்பர், வீட்டு நம்பர், பரீட்சைப் புள்ளி எதைக் கண்டாலும் வேறு அடிக்கு மாற்றுவது எங்களுக்கு வெற்றிலை போடுவது மாதிரி ஆகிவிட்டது. ஐந்தின் அடியில் எங்களுக்கு நூறு வயது வரும் நாளுக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தோம்.

அன்று மழை. இணைப்பில் ஒரே இரைச்சல். நான் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

"என்ன அக்கா, இண்டைக்கு என்ன வயசு?" என்றான்.

"நூறு! அடி ஐஞ்சு, நூறு!"

"அடி நாலெண்டால்?"

"அடி நாலு, நூற்றி இருபத்தொண்டு!"

"நூற்றி இருபத்தொண்டு எண்டதை எந்த அடியில வாசிச்சாலும் வர்க்க எண்தான், யோசிச்சிருக்கிறியா?" என்றான். மூன்றிலிருந்து எந்த அடியை எடுத்தாலும் அது பொருந்துகிறதே என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் போட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

"அடுத்த நூறு எப்ப?" என்று கேட்டேன்.

"அடி ஆறில, முப்பத்தாறு வயசில" என்றான்.

"அடி ஆறில நூறு! அதுக்குக் கன காலம் கிடக்கு. அதுக்குள்ள ஆர் இருப்பினமோ, ஆர் போவினமோ!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தது அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டது. நான் வெளியே வந்து காசைக் கொடுத்தேன். கடைக்காரர் எழுந்து நிற்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதிபர் வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் வாருங்கள் மிஸ்" என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்களும் ஒரு பெண் பொலிஸும் நின்றார்கள். சோக்குக் கட்டியை மேசையில் வைக்கக்கூட நேரம் தரவில்லை. அது என் கையிலேயே இருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், வீட்டுப்பாடம் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவள் வேண்டுமென்றே கேட்கவில்லை, நடப்பது அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "நாற்பத்திரண்டு" என்று பதில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மரியாதையாகத்தான் தொடங்கினார். நான் கடுகண்ணாவையில் வளர்ந்தவள் என்பதால் சிங்களம் பேசுவேன். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஐந்து அடித்தால் நூறு. நாலு அடித்தால் நூற்று இருபத்தொன்று. அடுத்த அடி ஆறு, அதுவும் நூறு. அதற்குள் யார் இருப்பார்கள், யார் போவார்கள்." தலையை நிமிர்த்தினார். "இதை நீதானே சொன்னாய்?"

'பஹர' என்று வாசித்தார். அடிப்பது, தாக்குவது என்பதற்கு அந்தச் சொல்தான். என் வாயிலிருந்து வந்த 'அடி'யை யாரோ அப்படிச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விநாடி எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். நகரத்தில் குண்டு வெடித்து அதிக காலம் ஆகவில்லை. வெடித்த இடத்தில் கண்ணாடித் துண்டுகள் பொறுக்கப்படாமல் இருந்ததை நானே பார்த்திருந்தேன். நூறு என்ற எண் அந்த அறையில் எதைக் குறிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சேர், அது தாக்குதல் இல்லை. கணக்கு. அடி என்றால்..." என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. பத்து வயதுக்குப் பிறகு நான் படித்ததெல்லாம் தமிழில். எண்ணின் அடிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பேஸ். பேஸ் ஃபைவ்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எந்த பேஸ்?"

"பேஸ் ஃபைவ் சேர்."

"ஐந்தாவது பேஸ். அது எங்கே இருக்கிறது?"

நேவி பேஸ், எயார் பேஸ் என்று ரேடியோவில் நாள்தோறும் கேட்ட சொல். அவர் காதில் அது இராணுவ முகாமாக விழுந்துவிட்டது. தமிழ்ச் சொல் தாக்குதலாகவும் ஆங்கிலச் சொல் முகாமாகவும் மாறிவிட்டன. ஒரு பேனை கேட்டேன். தாளில் ஆங்கிலத்தில் வயது என்று எழுதி, இருபத்தைந்து புள்ளிகள் போட்டு, ஐந்து ஐந்தாக வட்டம் போட்டுக் காட்டினேன். பிறகு நாலு நாலாக. அவர் பொறுமையாகப் பார்த்தார். முடிவில் ஒன்று கேட்டார்.

"நாலு என்றால் நூற்று இருபத்தொன்று. ஐந்து என்றால் நூறு. குறைத்து அடித்தால் எப்படிக் கூட வரும்?"

"அடி குறையக் குறைய எழுதும் எண் பெருகும் சேர்" என்றேன். கணிதத்தில் அது சரியான பதில். என் வாயால் நானே அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "உன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற வேறு யாராவது இருக்கிறார்களா? சிங்கள ஆள்?" என்று கேட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏனென்றால் இருந்தார். சிங்களப் பிரிவின் கணித ஆசிரியை. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆசிரியர் அறையில் ஒரே மேசையில் எதிரெதிரே இருப்போம். மதியம் அவருடைய பலாக்காய்க் கறியில் பாதி எனக்கு, என்னுடைய கத்தரிக்காய்க் குழம்பில் பாதி அவருக்கு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் அறைக்குக் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தவர். பரீட்சைத் தாள் திருத்தும்போது நான் புள்ளிகளை வேறு அடிக்கு மாற்றி ஆங்கிலத்தில் சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவருக்கு எல்லாம் தெரியும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவரைப் பின்னேரம் கூட்டிவந்தார்கள். கணவரும் கூட வந்து வாசலில் நின்றார். ஆசிரியை உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் கதிரையின் நுனியில் இருந்தார். கைப்பையை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் நான் புள்ளி போட்ட தாளை நீட்டினார். "மிஸ், இது நீங்கள் படிப்பிக்கிற கணக்கா?"

அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நாங்கள் இரண்டு மட்டும்தான் படிப்பிக்கிறோம்" என்றார். "நாலு, ஐந்து, ஆறு எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை."

"அப்படியென்றால் இது என்ன?"

"எனக்குத் தமிழ் தெரியாது."

"அடி என்ற சொல்?"

"எனக்குத் தமிழ் தெரியாது மஹத்தயா."

இரண்டு பதிலும் உண்மை. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. பாடத்திட்டத்தில் இரண்டின் அடி மட்டும்தான் இருந்தது, அவருக்குத் தமிழும் தெரியாது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறையாவது திரும்புவார் என்று நினைத்தேன். எழுந்து போகும்போது அவருடைய சேலைத் தலைப்பு என் கதிரையின் கையில் மாட்டியது. அதை எடுத்துவிட்டேன். "ஸ்துத்தி" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. சத்தம் போட்டார். மேசையில் அடித்தார். என் மேல் கை வைக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் கோல் எடுத்த நம்பர் கடைக்காரரின் பில்லில் இருந்தது. அதை வைத்துக் கொழும்பில் தம்பியையும் பிடித்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோதுதான் நான் நிலத்தில் இருந்துவிட்டேன். பெண் பொலிஸ் என்னைத் தூக்கி நிறுத்தி ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தாள். "உண்மையைச் சொல்லிவிடு அக்கே" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கும் பொய்யாகத்தான் கேட்டிருக்கிறது.

இரண்டு நாட்கள் கழித்து ஒரு மேலதிகாரி வந்தார். நரைத்த தலை, கண்ணாடி. வேறு ஏதோ அலுவலுக்கு வந்தவர். மேசையில் கிடந்த என் தாளைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தார். புள்ளிகளையும் வட்டங்களையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இருபத்தைந்தை இருபத்தைந்தின் அடியில் எழுதினால்?"

"ஒன்று, பூச்சியம்."

"இருபத்து நாலின் அடியில்?"

"ஒன்று, ஒன்று."

"இரண்டின் அடியில்?"

"ஒன்று, ஒன்று, பூச்சியம், பூச்சியம், ஒன்று" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "தெக்கே பாதய! இதை நீ பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லையா? இரண்டின் பாதய போல இது ஐந்தின் பாதய. வயதைச் சொல்லியிருக்கிறார்கள்."

பாதய. பாதம். எங்களுக்கு அடி என்றால் என்னவோ அவர்களுக்கும் அதேதான். தமிழில் காலடி என்று சொல்வதையேதான் அவர்களும் எண்ணுக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "ஓ, பாதய!" என்றார், மறந்துபோன சொந்தக்காரர் ஒருவரைத் தெருவில் கண்டது மாதிரி. மேலதிகாரி சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். பெண் பொலிஸும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். என்னைப் பிடித்தபோதுகூட இவ்வளவு அதிர்ந்ததில்லை. ஒரு சொல் தெரியாததால் இரண்டு நாள் நான் கொலைகாரி. அந்தச் சொல் வந்ததும் அது ஒரு பகிடி. மூன்று பேரும் என்னையும் சிரிக்கச் சொல்வது போலப் பார்த்தார்கள்.

"என் தம்பி?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "கொழும்பு என் கையில் இல்லை. பேசிப் பார்க்கிறேன்" என்றார் மேலதிகாரி. பேசினாரா தெரியாது.

அனெக்ஸுக்குப் போகாமல் நேரே கடைக்குத்தான் போனேன். மூன்று நாள் உடுத்த அதே சேலை. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இந்த முறை மரியாதைக்கு இல்லை.

"நீங்களா சொன்னது?" என்றேன்.

"டீச்சர், உள்ளுக்கு வாங்க. ஆளுங்க பாக்குறாங்க."

"நீங்களா?"

"நான்தான். கடைக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு வச்சு, தமிழ்ல யாரு என்ன பேசுனாலும் காதக் குடுத்துக் கேளு, சொல்லாட்டி கடைய மூடிருவோம்னு சொன்னாங்க. ஆனா அதுக்காக நான் சொல்லல. பொய் சொல்ல மாட்டேன். நீங்க அடி, நூறுன்னு கத்துனீங்க. யாரு இருப்பாங்களோ, யாரு போவாங்களோன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எனக்கு ஒடம்பே ஆடிப் போச்சு. நான் உண்மையாவே நம்பிட்டேன் டீச்சர்."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு? எவ்வளவு காலமா வாறன்?"

"தெரியும். கணக்கு டீச்சர்னு தெரியும். ஆனா நீங்க யாழ்ப்பாணம். உங்க ஊருல என்னா நடக்குது, யாரு யாருன்னு எங்களுக்கு என்னா தெரியும்? இங்க ஒண்ணு வெடிச்சா நீங்க கொழும்புக்கு ரயில் ஏறிப் போயிருவீங்க. அடுத்த நாள் லயத்துக்கு வந்து எங்களத்தான் அடிப்பாங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. அழுவது மாதிரித்தான் சொன்னார். பொலிஸ் நம்பாததை என்னால் தாங்க முடிந்தது. அது சீருடை. இவர் என் பாஷை பேசுகிறவர், என் கையில் மிச்சக் காசை எண்ணி வைக்கும்போது நாள்தோறும் சுகம் விசாரிப்பவர். அவர் கண்ணுக்கும் நான் குண்டு வைக்கக்கூடியவளாகத் தெரிந்திருக்கிறேன். கண்டியில் ஏதாவது நடந்தால் அடி வாங்குவது யார் என்பது எனக்கும் தெரிந்ததுதான். வெளியே வந்து வீதியோரத் திட்டில் இருந்துவிட்டேன். கலஹா பஸ் ஒன்று, பிறகு இன்னொன்று போனது.

அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அதிபர் நலம் விசாரித்தார். மதியம் ஆசிரியர் அறையில் சிங்களப் பிரிவு ஆசிரியை எதிரே வந்து இருந்தார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, எப்போதும் போலப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"பாதய என்ற சொல் உங்களுக்குத் தெரியும்" என்றேன் சிங்களத்தில்.

"தெரியும்."

"அதைச் சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே முடிந்திருக்கும். தம்பியைக்கூட விட்டிருப்பார்கள்."

அவர் பெட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "உள்ளே கூப்பிடுமுன் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் நீதானா என்று. என் மகன் வடக்கில் இராணுவத்தில் இருக்கிறான் என்று உனக்குத் தெரியும். என் வாயில் பாதய என்ற சொல் இருந்தது. கடவுளே, வாயில்தான் இருந்தது. திறந்தால் நானும் உன் பக்கம் ஆகிவிடுவேன் என்று பயமாக இருந்தது."

காலையிலிருந்து சாப்பிடவில்லை. என் கை அந்தச் சோற்றை எடுத்து என் வாயில் வைத்தது. பலாக்காய்க் கறி அன்றைக்கும் ருசியாகத்தான் இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அந்த வருடமே அவர் இடமாற்றம் கேட்டுக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

தம்பியை வெளியே எடுக்க ஒன்பது மாதம் ஆனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ரயிலில் கொழும்புக்கு இறங்கி, சட்டத்தரணியின் வாசலில் காத்திருந்து, பின்னேர ரயிலில் ஏறி வருவேன். தம்பி வேலை மாறி மட்டக்களப்புப் பக்கம் போயிருக்கிறான் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சட்டத்தரணி ஒரு சிங்களவர். நான் கொண்டுபோன பாதய என்ற சொல்லை வைத்துத்தான் அவர் வழக்கைப் பேசினார். நீதவான் உடனே புரிந்துகொண்டார். ஆனால் தம்பியின் வாக்குமூலம் ஒன்று இருக்கிறதே என்று அரச தரப்பு சொன்னது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை. அதற்கு மேலும் பல தவணைகள். கடைசியில், வேறு சாட்சி எதுவும் இல்லை என்று விட்டார்கள்.

அவனைக் கண்டிக்குக் கூட்டிவந்தேன். வரும் வழியெல்லாம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மெலிந்திருந்தான். இடது காது சரியாகக் கேட்கவில்லை, அதனால் நான் மற்றப் பக்கம் மாறி இருந்தேன். என் அனெக்ஸில் முதல் சில நாட்கள் தூங்கினான், சாப்பிட்டான், திரும்பத் தூங்கினான். ஒரு காலை, ஹந்தானை மலையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, வெளியே படியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அப்போது தானாகவே சொன்னான்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன், அக்கா."

"என்னத்தை?"

"அடி எண்டால் அடிதான் எண்டு. முதல் கிழமை முழுக்கக் கணக்கெண்டுதான் சொன்னனான். எழுதிக் காட்டினன். பேனையையும் பறிச்சுப்போட்டினம். பிறகு ஒருநாள், ஓம் அடிதான் எண்டன். உடனே எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு எனக்குப் பாணும் பருப்பும் தந்தினம். சுடச்சுட."

நான் அவன் கையைப் பிடித்தேன். இழுக்கவில்லை.

"பிறகு, அந்த நூறு பேர் ஆர் எண்டு கேட்டினம். எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்லை. நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டு வந்து படுத்தனான். நித்திரை வரேல்லை." கோப்பையைப் படியில் வைத்தான். "அக்கா, அங்க கிடந்து நானே யோசிக்கத் தொடங்கிப்போட்டன், அந்த நூறு பேர் ஆராய் இருக்கும் எண்டு. அப்பிடி ஆக்கள் உண்மையாவே இருக்கினம், எனக்குத்தான் மறந்துபோச்சு எண்டு. லொட்ஜில இருக்கிறவை, ஒபிஸில இருக்கிறவை, பஸ்ஸில பக்கத்தில இருந்தவை எண்டு ஒவ்வொரு முகமா எடுத்துப் பார்த்தன். இன்னும் சில நாள் கேட்டிருந்தினம் எண்டால் நான் பேரும் சொல்லியிருப்பன். வேற ஒரு இடத்துக்கு மாத்தினபடியால்தான் தப்பிச்சினம்."

"ஆர் தப்பிச்சது?"

"அவைதான். அந்த நூறு பேர்."

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மலையில் இருந்தன. தேயிலைக்குள் கொழுந்து எடுக்கும் பெண்கள் மேலேறிக்கொண்டிருந்தார்கள், அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு கோப்பை தேத்தண்ணி வேணுமா என்று கேட்டேன். வேணும் என்றான், சீனி கூடப் போடச் சொன்னான். குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் கொதித்து வற்றும் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் ஒரு ஏஜென்சிக்காரர் மூலம் அவன் வெளிநாடு போனான். இப்போது குளிர்நாடு ஒன்றில் பெரிய லொறி ஓட்டுகிறான், இரண்டு பெண்பிள்ளைகள். ஞாயிறு தவறாமல் பேசுவான். பிள்ளைகளின் படிப்பு, பனி, பெற்றோல் விலை, எல்லாம் சொல்வான். வலது காதில்தான் போனை வைத்திருப்பான். அம்மா கண்ணை மூடும்வரை, அந்த ஒன்பது மாதமும் அவன் மட்டக்களப்பில் வேலை செய்தான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். அங்கே சாப்பாடு எப்படி இருந்தது, மீன் நல்லதா என்று கேட்பாள். அவனும் நல்லது என்று சொல்வான்.